பாதை நடுவே ஓர் இடைவெளி

திருமலைக்குமார் என்று பெயருள்ளவர்கள் பண்பொழிப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஊருக்கு மேற்கே மலைமேல் நிற்கும் குமாரசாமியின் பெயர் அது. ஆங்கிலத்தில் எழுதும்போது அதே பெயர் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்துவிடும். முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்தும் சேர்ந்து 'எஸ் திருமலை குமார்' ஆகும். பள்ளிச் சான்றிதழில், ஆதார் அட்டையில், வங்கிப் புத்தகத்தில் எல்லாம் அப்படித்தான். புது லேப்டாப்பில் லோக்கல் கணக்கு தொடங்கினால் விண்டோஸ் பெயர் கேட்கும். பழகிய கை அதையே அடிக்கும். அந்த நொடியில் சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டருக்குள், இரண்டு இடைவெளிகளோடு ஒரு ஃபோல்டர் உருவாகிறது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் எல்லாம் இனி அதற்குள்தான்.

படம் பார்க்கும்வரை, கட்டுரை அடிக்கும்வரை எந்தத் தொந்தரவும் இராது. நிரல் எழுதக் கற்கத் தொடங்கி, கறுப்புத் திரையைத் திறந்து, எழுதியதை ஓடும் நிரலாக மாற்றும் முதல் பில்ட் கட்டளையை ஓட்டும் அன்றுதான் வினை. 'சி:\யூசர்ஸ்\எஸ்' என்பதைக் கட்டளையாக அடையாளம் காண முடியவில்லை என்று பதில் வரும். ஃபைல் இருக்கும் இடத்தைச் சொல்லும் பாதை முதலெழுத்தோடு நின்றுவிட்டது. மிச்சப் பெயர் எங்கே போயிற்று என்று திரை சொல்லாது.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-இல் சோஹோ அலுவலகம் வந்த பிறகு, நிரல் எழுதும் வேலை இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ மட்டும் இருக்கும் வேலையாக இல்லை. வடகரை, அச்சன்புதூர், பண்பொழி என்று எந்த ஊர் வீட்டிலும் இருந்து கற்கலாம். அப்படித் தனியாகக் கற்கிற பிள்ளை இந்தச் செய்தியைப் பார்த்தால், தான் ஏதோ தப்பாக அடித்துவிட்டதாகவே நினைக்கும். திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்கும். அந்தப் பிள்ளைக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன். அடித்தது சரி, பெயரும் சரி. கோளாறு கருவியின் உள்ளே, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுப் பழைய ஒரு பழக்கத்தில் இருக்கிறது.

டெர்மினல் என்ற அந்தக் கறுப்புத் திரையில் நாம் அடிக்கும் வரியை முதலில் வாங்குவது ஷெல் என்ற நிரல். லினக்ஸிலும் மேக்கிலும் அது வரியை அப்படியே கைமாற்றுவதில்லை. இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வெட்டி, துண்டுகளை வரிசையாக அடுக்கி, அந்த வரிசையைத்தான் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் ஒப்படைக்கும். முதல் துண்டு, எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்பது. மற்றவை அந்த நிரலுக்குப் போய்ச் சேர வேண்டியவை. குற்றாலத்துச் சாரலைக் கணக்கிட ஒரு நிரல் எழுதி, 'சாரல் அளவு' என்ற ஃபோல்டரில் 'மழை.சி' என்று வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். லினக்ஸும் மேக்கும் பின்பற்றும் யூனிக்ஸ் மரபில், சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் பெயர் சிசி. நாம் அடிக்கும் வரி இது:

சிசி சாரல் அளவு/மழை.சி

நம் கண்ணுக்கு இதில் ஒரு நிரலும் ஒரு ஃபைலும் இருக்கின்றன. ஷெல்லின் கணக்கில் மூன்று துண்டுகள்: 'சிசி', 'சாரல்', 'அளவு/மழை.சி'. கம்பைலர் 'சாரல்' என்றொரு ஃபைலைத் தேடும், 'அளவு' என்றொரு ஃபோல்டரைத் தேடும், இரண்டும் இல்லை என்று கைவிரிக்கும். மளிகைச் சீட்டில் ஒரே வரியில் 'கடலை மாவு எண்ணெய்' என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? கடைக்காரர் வீட்டை அறிந்தவர் என்பதால் கடலை மாவையும் எண்ணெயையும் எடுத்து வைப்பார். அறியாத பையன் கடலையைத் தனியாக, மாவைத் தனியாக நிறுப்பான். ஷெல் அந்தப் பையனைப் போல. அதற்குச் சொல்லின் பொருள் தெரியாது, ஆஸ்கி அட்டவணையில் இடைவெளியைக் குறிக்கும் 32-ஆம் எண் மட்டுமே தெரியும்.

கெர்னலுக்கோ இடைவெளியோடு எந்தப் பகையும் இல்லை. யூனிக்ஸ் குடும்பத்தில் ஒரு ஃபைல் பெயருக்குள் வரக்கூடாதவை இரண்டே பைட்டுகள்: பாதையைப் பிரிக்கும் சாய்கோடு, பெயர் முடிந்தது என்று காட்டும் பூஜ்யம். வேறு எதுவும் வரலாம். நிரலுக்குப் போகும் தகவலும் கெர்னல் வழியாகப் போகும்போது ஒட்டிய வரியாகப் போவதில்லை, தனித்தனித் துண்டுகளாகவே போகிறது. ஆக, எல்லை தெளிவாக இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே, எல்லையை அழித்துவிட்டு மறுபடி ஊகிக்கும் ஓர் இடம் இருக்கிறது. அங்கேதான் எல்லாம் உடைகிறது.

இரட்டை மேற்கோள் போட்டால் ஷெல் வெட்டாது என்பதை எல்லாரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். அதோடு தீர்ந்ததாகவும் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டாவது வெட்டு ஒன்று உண்டு. ஸ்கிரிப்ட் எழுதும்போது பாதையை ஒரு மாறியில் வைப்போம்:

இடம்="சாரல் அளவு"
சிசி $இடம்/மழை.சி

முதல் வரியின் மேற்கோள் அந்த வரியிலேயே வேலையை முடித்துக்கொண்டு மறைந்துவிட்டது. மாறிக்குள் இருப்பது மேற்கோள் இல்லாத வெறும் பெயர். இரண்டாம் வரியில் ஷெல் அந்தப் பெயரை எடுத்து வைத்து, வைத்ததை மறுபடியும் வெட்டுகிறது. 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல் இப்படித்தான் செய்தது. இன்றைய பாஷ் அதையே பின்பற்றுகிறது. "$இடம்/மழை.சி" என்று இரண்டாம் வரியிலும் மேற்கோள் போட வேண்டும். யூனிக்ஸ் பிறந்த பெல் லேபில் டாம் டஃப் எழுதிய ஆர்சி ஷெல் இந்த இரண்டாம் வெட்டை அடியோடு நீக்கியது. இன்று மேக் கணினிகளோடு வரும் இசட்-ஷெல்லும் இயல்பாக வெட்டுவதில்லை. மாற்று வழி இருப்பது நிரூபணமான விஷயம். ஆனால் உலகத்தின் பில்ட் ஸ்கிரிப்ட்களில் பெரும்பகுதி பழைய ஷெல்லின் வாய்ப்பாட்டில்தான் எழுதப்பட்டுக் கிடக்கிறது.

அன்று அந்த முடிவை எடுத்தவர்களைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. ஏழாம் பதிப்பில் ஒரு ஃபைல் பெயருக்கு அதிகபட்சம் 14 எழுத்துதான். 14 எழுத்தில் யார் இடைவெளிக்கு ஒரு எழுத்தைச் செலவழிப்பார்கள்? ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் லேபில் எழுதிய மேக் என்ற கருவியும் (மேக் கணினி வேறு) அந்தச் சூழலில் பிறந்ததுதான். எந்த ஃபைல் எதிலிருந்து உருவாகிறது என்று எழுதி வைத்தால், மாறியதை மட்டும் மறுபடி உருவாக்கும் அருமையான கருவி. அதன் உயிர்நாடியே பட்டியல், பட்டியலின் பிரிப்பான் இடைவெளி. அதன் இன்றைய பரவலான வடிவமான குனு மேக்கில் சில இடங்களில் பின்சாய்கோடு போட்டு இடைவெளியைக் காப்பாற்றலாம். ஆனால் பாதையிலிருந்து ஃபோல்டரைப் பிரித்தெடுப்பது, பட்டியலில் ஒவ்வொன்றாகச் சுற்றி வருவது போன்ற உள்செயல்கள் அதை மதிப்பதில்லை. இடைவெளியுள்ள பாதை வேலை செய்யவில்லை என்று குனு மேக்கின் பிழைப் பதிவேட்டில் 2002-இல் ஒரு பதிவு ஏறியது. எண் 712. அதைத் தீர்ப்பதென்றால் கருவியின் மொழியையே மாற்ற வேண்டியிருக்கும்.

அதனால்தான் லினக்ஸ் கெர்னலை உருவாக்க மேக் கருவிக்கு எழுதிய மேக்ஃபைல் ஒரு நேர்மையான வழியைப் பிடித்தது. மூலநிரல் இருக்கும் ஃபோல்டரின் பாதையில் இடைவெளியோ முக்காற்புள்ளியோ இருந்தால், 'கூடாது' என்று வெளிப்படையாகச் சொல்லி நின்றுவிடும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் அதன் கருவித்தொகுப்பை எங்கே வைப்பது என்று கேட்கும்போது, இடைவெளி உள்ள பாதை வேண்டாம் என்று எச்சரிக்கிறது. இந்த மறுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. பாதி தூரம் போய், சம்பந்தமில்லாத இடத்தில், சம்பந்தமில்லாத செய்தியோடு விழுவதைவிட வாசலிலேயே காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவது கற்பவருக்கு எவ்வளவோ மேல்.

யூனிக்ஸ் உலகம் இப்படி ஒதுங்கியிருக்க, வேறொரு உலகம் இடைவெளியைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. 1984-இல் வந்த மெக்கின்டாஷில் கட்டளை அடிக்கும் திரையே கிடையாது. படத்தைச் சுட்டி மவுஸால் இழுப்பவருக்கு ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மனிதர்கள் எழுதுவது போலவே பெயர் வைத்தார்கள். 2001 மார்ச்சில் ஆப்பிள் தன் புதிய மேக் ஓஎஸ் எக்ஸை யூனிக்ஸ் அடித்தளத்தின்மேல் கட்டி வெளியிட்டபோது இந்த இரண்டு உலகங்களும் ஒரே வட்டில் சந்தித்தன. சந்தித்த எட்டாவது மாதமே விபத்து நடந்தது.

அந்த நவம்பரில் ஐட்யூன்ஸ் 2.0 வந்தது. அதன் நிறுவல் ஸ்கிரிப்டில், பழைய ஐட்யூன்ஸை நீக்குவதற்கு ஒரு வரி இருந்தது. எந்த வட்டில் நிறுவுகிறோமோ அதன் பாதை ஒரு மாறியில் வரும், அதன் பின்னால் ஐட்யூன்ஸின் இடம் ஒட்டிக்கொள்ளும், முழுவதையும் அழிக்கும் கட்டளை அதன்மேல் ஓடும். மாறியைச் சுற்றி மேற்கோள் இல்லை. வட்டின் பெயர் 'இசை 2' என்று இருந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்ன விதிப்படி வெட்டிப் பாருங்கள். கட்டளைக்குக் கிடைப்பது இரண்டு துண்டுகள்: 'இசை' என்ற வட்டு முழுவதும் ஒரு துண்டு, '2' என்று தொடங்கும் இல்லாத பாதை இன்னொரு துண்டு. 'இசை' என்றே இன்னொரு வட்டும் செருகியிருந்தால் அது கேள்வி கேட்காமல் துடைக்கப்படும். அப்படியே பலருடைய வட்டுகள் துடைக்கப்பட்டன. ஆப்பிள் அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்று 2.0.1 வெளியிட்டது. திருத்தத்தின் சாரம், அந்தப் பாதையைச் சுற்றி இரண்டு மேற்கோள் குறிகள்.

பத்து ஆண்டு கழித்து இதன் தலைகீழ் வடிவம் நடந்தது. இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் உள்ள லேப்டாப்களில் லினக்ஸை ஓட்ட உதவும் பம்பிள்பீ என்ற திறந்த மூலநிரல் திட்டத்தின் 2011-ஆம் ஆண்டு ஸ்கிரிப்ட் ஒன்றில், 'யூஎஸ்ஆர்' என்ற ஃபோல்டர் பெயருக்கும் அதன் உள்பாதைக்கும் நடுவே தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. அழிக்க நினைத்தது உள்ளே ஆழத்தில் இருக்கும் ஒரு சிறு ஃபோல்டரை. அழிந்தது யூஎஸ்ஆர் முழுவதும். லினக்ஸில் நிறுவிய மென்பொருள்களில் பெரும்பகுதி அந்த ஃபோல்டரில்தான் இருக்கும். முதல் விபத்தில் பெயரின் உள்ளே உரிமையோடு இருந்த இடைவெளியைக் கருவி வெட்டுக்குறியாக எடுத்துக்கொண்டது. இரண்டாவதில் கைதவறி விழுந்த இடைவெளியையும் அப்படியே எடுத்துக்கொண்டது. கருவியால் இரண்டையும் வேறுபடுத்த முடியாது என்பதுதான் விஷயத்தின் மையம்.

விண்டோஸின் கதை வேறு வழியில் சிக்கலானது. 1995-இல் விண்டோஸ் 95 நீண்ட பெயர்களையும் இடைவெளிகளையும் அனுமதித்தது. மென்பொருள்கள் போய் உட்காரும் ஃபோல்டருக்கே 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்று இடைவெளியோடு பெயர் வைத்தது. ஆனால் விண்டோஸ் ஒரு நிரலைத் தொடங்கும்போது, யூனிக்ஸ் போல வரிசையாகத் துண்டுகளைக் கொடுப்பதில்லை. ஒட்டிய ஒரே வரியைத்தான் கொடுக்கிறது. அதை வெட்டுவது ஒவ்வொரு நிரலின் சொந்தப் பொறுப்பு. பெரும்பாலான நிரல்கள் ஒரே விதியைப் பின்பற்றுகின்றன, ஆனால் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த பேட்ச் ஃபைல்களை ஓட்டும் கட்டளைத் திரைக்கு விதி வேறு. மேற்கோளுக்கும் அங்கே ஒரு பொறி உண்டு. "டி:\என் வேலை\" என்று பின்சாய்கோட்டில் முடித்தால், பல நிரல்கள் அந்தக் கடைசிச் சாய்கோட்டையும் மேற்கோளையும் சேர்த்து 'பெயருக்குள் வரும் மேற்கோள்' என்று படித்துவிடும். பாதை மூடப்படாமலே அடுத்த தகவலோடு ஒட்டிக்கொள்ளும்.

மேற்கோள் இல்லாத பாதையை விண்டோஸ் எப்படி ஊகிக்கிறது என்பது இன்னும் கவலைக்குரியது. 'சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\...' என்று வந்தால், முதலில் சி டிரைவில் 'புரோகிராம்' என்று ஒரு நிரல் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதையே ஓட்டிவிடும். இல்லையென்றால் அடுத்த இடைவெளிவரை நீட்டிப் பார்க்கும். அங்கே எழுதும் அனுமதி உள்ள ஒரு கெட்டவர் அந்தப் பெயரில் தன் நிரலை வைத்துவிட்டால், கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும் சேவைகூட அவர் நிரலைத் தூக்கிக்கொண்டு எழும். பாதுகாப்புத் துறையில் இது வகைப்படுத்தப்பட்ட ஓட்டை. 2024 ஏப்ரலில் ரஸ்ட் மொழியின் 1.77.2 பதிப்பு அவசரமாக வந்ததும் இந்தக் குடும்பத்துக் காரணத்தால்தான். பேட்ச் ஃபைலுக்குக் கொடுக்கும் தகவலை அதன் தனி விதிக்கு ஏற்பப் பொதியாமல் விட்டதால், தகவல் என்று அனுப்பியது கட்டளையாக மாறி ஓட வழி இருந்தது. இன்னும் சில மொழிகளும் அதே ஓட்டையை அடைத்தன. பெயரில் ஓர் இடைவெளி என்று தொடங்கியது பூட்டு உடைவதில் போய் முடிகிறது.

எல்லை எழுதப்படாத எழுத்தைப் படிப்பது நமக்குப் புதிதல்ல. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய தென்காசி காசி விசுவநாதர் கோயிலில் அக்காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்வெட்டிலும் ஓலையிலும் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கம் இல்லை, பெரும்பாலும் புள்ளிகூட வைக்கமாட்டார்கள். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, அதற்குமுன் அவர் செய்த வேலையில் பெரும்பங்கு, எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பொருளறிந்து முடிவு செய்ததுதான். பதிப்பாசிரியர்கள் இதைப் பதம் பிரித்தல் என்பார்கள். இலக்கணமும் உரையும் வழக்கும் அறிந்த ஒருவரால் மட்டுமே முடிகிற வேலை அது. கணினி மொழிகளில் ஃபோர்ட்ரான் தன் தொடக்க காலத்தில் இடைவெளியை முற்றிலும் புறக்கணித்தது. 'டூ 10 ஐ' என்று பிரித்து எழுதினாலும் 'டூ10ஐ' என்று சேர்த்து எழுதினாலும் அதற்கு ஒன்றுதான். அதனால் காற்புள்ளி வரவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி விழுந்தாலே, சுழற்சிக் கட்டளை ஒரு மாறியின் பெயராக மாறிவிடும், கம்பைலரும் முணுமுணுக்காது. இடைவெளிக்கு மதிப்பே தராத ஃபோர்ட்ரானும், இடைவெளி ஒன்றையே எல்லையாகக் கொண்ட ஷெல்லும், சாமிநாதையர் செய்ததைத் தங்களால் செய்ய முடியாது என்ற இடத்தில்தான் தவறுகின்றன. பொருள் தெரியாத கருவிக்கு எல்லையை வெளிப்படையாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

தமிழில் ஃபோல்டருக்குப் பெயர் வைக்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். லினக்ஸில் தாராளமாக வைக்கலாம், அதற்கு ஓர் அழகான காரணம் உண்டு. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில், எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையை வடிவமைத்தபோது, பல பைட்டுகள் கொண்ட எந்த எழுத்துக்குள்ளும் ஆஸ்கி பைட் ஒன்றுகூட வராதபடி செய்தார்கள். பாதையின் சாய்கோடு தவறாகத் தோன்றிவிடக் கூடாது என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. அதன் பலன் நமக்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள், அவற்றுள் ஒன்றும் ஒருபோதும் 32 ஆகாது. 'பண்பொழி' என்ற பெயரை எந்த ஷெல்லும் வெட்டாது. 'பண்பொழி மாம்பழம்' என்று வைத்தால் வெட்டுவது நடுவிலுள்ள இடைவெளியை மட்டுமே.

அதே பெயரை இன்னும் நெருங்கிப் பார்த்தால் வேறொரு சிக்கல் தெரியும். நமக்கு அது நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடுகள்: ப, ண, புள்ளி, ப, ஒகரக் குறி, ழ, இகரக் குறி. ஆக 21 பைட்டுகள். ஆனால் 'பொ'வின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பிரித்தால் எட்டுக் குறியீடு, 24 பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். லினக்ஸ் பைட்டுகளை மட்டும் பார்ப்பதால், ஒரே ஃபோல்டருக்குள் 'பண்பொழி' என்ற பெயரில் இரண்டு ஃபைல்கள் அருகருகே இருக்க முடியும். மேக்கின் பழைய வட்டு முறை எல்லாவற்றையும் பிரித்தே சேமிக்கும். ஒருவர் மேக்கில் உருவாக்கிய தமிழ்ப் பெயரை இன்னொருவர் லினக்ஸில் கட்டளையில் அடித்து, 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று பதில் வாங்கினால் காரணம் இதுவாக இருக்கலாம். விண்டோஸில் ஆண்ட்ராய்டு பில்ட் கருவி, பாதையில் ஆஸ்கி அல்லாத எழுத்து இருந்தாலே நிறுத்தி எச்சரிக்கும். அதைத் தாண்டிப் போக ஓர் அமைப்பு உண்டு, ஆனால் உள்ளே வேலை செய்யும் பழைய கருவிகள் எல்லாம் ஒத்துழைக்கும் என்ற உறுதி கிடையாது.

சரி, இப்போதைக்கு என்ன செய்வது? கற்கிறவர் தன் பெயரை மாற்றத் தேவையில்லை. விண்டோஸில் பயனர் ஃபோல்டரின் பெயரை மாற்ற முயல்வதும் வேண்டாம், அது விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் நூறு இடங்களில் வேர்விட்டிருக்கும். சி டிரைவின் மேல்மட்டத்திலேயே ஆங்கில எழுத்தில் இடைவெளியில்லாத ஒரு ஃபோல்டர் உருவாக்கி, நிரல் வேலைகளையும் கருவிகளையும் அங்கே வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்ட திட்டத்துக்கு, 'சப்ஸ்ட்' கட்டளையால் அந்த ஃபோல்டரை எக்ஸ் டிரைவ் போலக் காட்டி ஓட்டிப் பார்க்கலாம். சில கருவிகள் உண்மைப் பாதையைத் தோண்டி எடுத்துவிடும், அவற்றுக்கு இது உதவாது. டெர்மினலில் பெயரின் முதல் சில எழுத்தை அடித்து டேப் விசையைத் தட்டினால், தேவையான இடத்தில் மேற்கோளையோ பின்சாய்கோட்டையோ ஷெல்லே போட்டுக்கொடுக்கும். கையால் அடிப்பதைவிட அதுவே பத்திரம்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர், மாறி வரும் இடத்திலெல்லாம் யோசிக்காமல் இரட்டை மேற்கோள் போடும் பழக்கத்தைக் கைக்குக் கொடுத்துவிட வேண்டும். ஃபைல்களைத் தேடும் கட்டளையிலிருந்து இன்னொன்றுக்குப் பட்டியல் அனுப்பும்போது, பெயரில் வரவே முடியாத பூஜ்ய பைட்டைப் பிரிப்பானாக வைக்கும் வசதி யூனிக்ஸ் கருவிகளில் உண்டு. பைத்தானிலிருந்து கம்பைலரை அழைக்கும்போது முழு வரியை ஒட்டிக் கொடுக்காமல், துண்டுகளைப் பட்டியலாகவே கொடுத்தால் ஷெல் நடுவில் வராது. எல்லை அழியவே அழியாது. பில்ட் கருவிகளில் சிமேக் தன் பட்டியல்களுக்கு அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்திருப்பதால் இடைவெளியைத் தாங்கும், ஆனால் பெயரில் அரைப்புள்ளி இருந்தால் தடுமாறும். நிஞ்ஜா என்ற இன்னொரு பில்ட் கருவியில் இடைவெளிக்கு முன் ஒரு டாலர் குறி போட்டால் போதும்.

கருவியையே உருவாக்குகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இன்று ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் தானாகச் சோதனை ஓடுகிறது. அந்தச் சோதனை பெரும்பாலும் இடைவெளியில்லாத, ஆங்கில எழுத்து மட்டுமே உள்ள ஒரு பாதையில் நடக்கிறது. மூலநிரலை இறக்கி வைக்கும் ஃபோல்டரின் பெயரை 'சாரல் அளவு' என்று மாற்ற அமைப்பு ஃபைலில் ஒரு வரி போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அதே பெயரில் ஓட்டட்டும். எந்த வரியில் மேற்கோள் விட்டுப்போயிற்று என்பது அன்றைக்கே, எழுதியவர் மேசையிலேயே தெரிந்துவிடும்.